ஆளுக்கொரு தட்டு

“அதைத் தொடாதம்மா. உன் தட்டு அங்க இருக்கு.”

அலமாரிக்கு நீண்ட மருமகளின் கை பாதியில் நின்றது. மாமனார் கண்ணால் காட்டிய பின்கதவோர ஜன்னலில் ஒரு பழைய தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடையாளத்துக்கு இரண்டிலும் சிவப்புப் பெயின்ட் பொட்டு.

மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பதில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான அவருக்குப் பெருமைதான், அது என்ன வேலை என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கும்வரை. நோயாளிகளின் சளி, சீழ், மலம் எல்லாம் அவளிடம் வரும். அதிலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“ஊருல கோழி வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க. இவ சீக்கை வளர்க்கிறா! அந்தக் கை சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது” என்று சட்டம் போட்டார் மாமனார்.

கக்கூஸ் கழுவ மட்டும் அந்தக் கைக்குத் தடையில்லை. கணவன் தன் தட்டுக்குள் எதையோ மும்முரமாகத் தேடினான். மாமியார் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். மருமகள் பின்கதவுப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு சாயங்காலம் மாமனார் எச்சில் தொட்டுப் பேப்பர் புரட்டுவதையும், அதே விரலால் பொதுத் தட்டிலிருந்து பிஸ்கட் பொறுக்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவள், மறுநாள் கிருமி வளர்க்கும் கூழ் உறைந்த நாலு கண்ணாடித் தட்டுகளோடு வந்தாள்.

“யார் கை சுத்தம்னு பார்த்துரலாமா மாமா?”

“தாராளமா!” என்று மனிதர் தபால் முத்திரை குத்துவதுபோல் கட்டைவிரலைக் குத்தினார். மற்ற மூன்று பேரும் மெதுவாக அமுக்கினார்கள்.

பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், தணிக்கைக்குப் போகிறவர்போல் வந்தார். கிருமி வளர்வதற்கான சூடுபெட்டியிலிருந்து அவள் தட்டுகளை எடுத்துக் காட்டினாள். நாலிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருந்தன.

“உன்னோடதுலயும் இருக்கே!” மாமனார் முகம் மலர்ந்தது.

“இருக்கும் மாமா. எல்லார் தோல்லயும் குடியிருக்கறதுதான்.”

கம்பி வளையத்தை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் சொட்டுத் தண்ணீரோடு தடவினாள். காய்ந்ததும் சுடரில் காட்டினாள். கிருமி கண்ணுக்குத் தெரிவதற்காக ஒவ்வொன்றாக ஊற்றிக் கழுவினாள்: ஊதாச் சாயம், அயோடின், சாராயம், கடைசியில் சிவப்புச் சாயம்.

நுண்ணோக்கியில் குனிந்த மாமனார் வாயைப் பிளந்தார். “அடேங்கப்பா, ஊதாத் திராட்சைக் குலை! யாரோடது?”

“உங்களோடது.”

அடுத்தடுத்து மற்றவர்களின் தகடுகளையும் வைத்தாள். எல்லாம் அதே குலை. மாமியார் வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங்க, உங்களோடதுக்கும் மருமகளோடதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே.”

அவரோ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கட்டைவிரலை மற்ற விரல்களில் படாமல் தூக்கியே வைத்திருந்தார்.

இனி ஜன்னல் தட்டுக்கு வேலையில்லை என்று மருமகள் நினைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், மேஜைமேல் நாலு நிறத்தில் நாலு புதுத் தட்டுகளில் சோறு பரிமாறியிருந்தது.

“ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தரோடதை இன்னொருத்தர் தொடக் கூடாது. எல்லாருக்கும்தான் கிருமி இருக்கே!” என்றார் மாமனார், பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட பூரிப்பில்.

“யார் கழுவறது மாமா?”

“நீதாம்மா. உனக்குத்தானே முறை தெரியும்.”

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைத் திறப்பதற்குள், மாமியார் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவள் தட்டிலேயே கையை வைத்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

“அடியே, கிருமி!”

“என்னோடதும் அவளோடதும் ஒண்ணுதாங்க. கண்ணால பார்த்துட்டேன்.” நிதானமாக மென்று விழுங்கினாள். “உங்க தட்டை நீங்களே கழுவிக்கோங்க. நாங்க தொட்டா ஒட்டிக்கும்.”

கணவன் சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து குழாயடிக்குப் போனான். போஸ்ட்மாஸ்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் தன் தட்டோடு எழுந்து போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அவர் குரல்:

“ஏம்மா, இந்த வீட்டுல சோப்பு எங்க இருக்கும்?”