வீட்டு ஒட்டகம்

புல்வெளியின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்துபோய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார் ஓட்டுநர். திருப்தி வரவில்லை. "கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க மாப்பிள்ளை... வரலாம், வரலாம்... ஸ்டாப்!" என்று நாற்காலியைப் பிடித்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருஷம் பேருந்து ஓட்டியவருக்கு நாற்காலியும் ஒரு வண்டிதான்.

அடுத்த மாதம் அங்கேதான் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம், நெருங்கிய சொந்தமும் சிநேகிதமும் வந்தால் போதும் என்று மகள் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்தான். நண்பருடைய பழத்தோட்டத்தை ஒட்டிய இந்த இடத்தைப் பார்த்ததும் அடியோடு மாறிவிட்டார். சுற்றிலும் மரங்கள், எதிரே சரிவு, அதன் அடியில் ஓர் ஓடை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கட்டடம் கிடையாது. அதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகள், மாப்பிள்ளையோடு எதை எங்கே வைப்பது என்று பார்க்க வந்திருந்தார். மகள் கிளைகளில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு பேச்சை எடுத்தான்.

"மாமா, பாத்ரூமுக்கு என்ன பண்றது? சக்கரம் வெச்ச பாத்ரூம் வாடகைக்குக் கிடைக்குது. அந்த மரத்துக்கிட்ட நிறுத்திடலாம்."

"எவ்ளோ அழகான இடம்! இதுல கக்கூஸக் கொண்டாந்து நிறுத்தறதா? எல்லா போட்டோலயும் அதுதான் முந்திக்கிட்டு வந்து நிக்கும். காலைல வந்து சாயங்காலம் கிளம்பப் போறோம். அவசரம்னா இத்தனை மரம் இருக்கே!"

மாப்பிள்ளை அடுத்த நாற்காலியைத் தூக்கப் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன்பே மாமனாரோடு மல்லுக்கு நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

வெயில் ஏறியது. ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மனைவியிடம் நீட்டினார். உதடு காய்ந்திருந்தும் அவள் தலையை ஆட்டினாள். "வேணாங்க, தாகமில்ல."

"இது நம்ம வீட்டு ஒட்டகம் மாப்பிள்ளை!" என்று சிரித்தார். "எவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனாலும் ஒரு சொட்டுத் தண்ணி கேக்காது. என் பஸ்ல ராப்பகலா வந்திருக்கா, எங்கயாவது நிறுத்துங்கன்னு ஒரு தடவை சொன்னதில்ல."

கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக வைத்த பெயர் அது. மனைவி எப்போதும்போலச் சிரித்து வைத்தாள். அவர் பாட்டிலை மகளிடம் கொண்டுபோனார்.

"எனக்கும் வேணாம்பா."

"நீ எப்போ ஒட்டகமானே?"

மகள் விளக்குச் சரத்தைக் கீழே வைத்தாள். "ஸ்கூல்லேருந்து. அங்க பாத்ரூம்ல தாழ்ப்பாளே கிடையாது. வெளிய போனா தண்ணி குடிக்காதேன்னு அம்மாதான் பழக்கிவிட்டா. கல்யாணத்துக்கும் முந்தின நாளே நிறுத்திடுவேன். அந்த டிரெஸ்ஸோட நான் எந்த மரத்துக்குப் பின்னாடி போறது? நீங்களே காட்டுங்கப்பா."

"விடுடி" என்றாள் அம்மா.

ஓட்டுநருக்குப் போன வருஷம் ஞாபகம் வந்தது. சிறுநீரில் கிருமி சேர்ந்து, அது சிறுநீரகம்வரை போய், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர் குடிக்கவே மாட்டாயா என்று டாக்டர் திட்டினார். தன் பங்குக்கு இவரும் கட்டில் பக்கத்தில் நின்று திட்டினார். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உனக்குத் தாகமே எடுக்காதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெல்ல.

"தாகம் எடுக்காத மனுஷங்க உண்டா? நான் வேலை பாத்த துணிக்கடையில எங்களுக்குன்னு பாத்ரூமே கிடையாது. உங்க பஸ்ல வந்தா, நீங்க வழியில ஓரங்கட்டுவீங்க. ஆம்பளைங்க இறங்கி வரிசையா நிப்பாங்க. நான் ஜன்னல்ல தலையச் சாச்சுத் தூங்கற மாதிரி இருந்துடுவேன்."

"நெஜமாவே தூங்கறேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

அந்தக் குரலில் குறையே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாவம், அலுப்பு என்று எண்ணி, அவர்கள் விழித்துவிடாதபடி மெதுவாகக் கதவைச் சாத்தியிருக்கிறார். அத்தனை பேருமா தூங்கியிருப்பார்கள்?

பார்த்துப் பார்த்துப் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து மரத்தடியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்த பாத்ரூம் வண்டிக்குச் சொல்லிடுங்க. தண்ணி நல்லா வரணும். தாழ்ப்பாள நீங்களே ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க."

"போட்டோல தெரியுமே மாமா?"

"தெரியட்டும்."

மறுநாள் வேலைக்குப் போனதும் அவர் செய்த முதல் காரியம், பெண்களுக்கும் கழிவறை இருக்கிற இடத்தில் மட்டுமே பேருந்தை நிறுத்துவது என்று நடத்துநரிடம் சொன்னதுதான்.

கல்யாணத்தன்று விடிந்ததும் புதுச் சட்டையோடு ஸ்டீரிங்கைப் பிடித்து, கழிவறை வண்டியைத் தானே ரிவர்ஸ் எடுத்து மரத்தடியில் நிறுத்தினார். விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை கிண்டலாகக் கேட்டாள். "ஏன் சம்பந்தி, இவ்ளோ அழகான இடத்துல கண்ணுக்கு நேரா இதத்தான் நிறுத்தணுமா?"

"அழகு இருக்கட்டும்ங்க. பொம்பளைங்க ஒரு வாய் தண்ணி குடிக்கப் பயப்படற எடத்துல என்ன விருந்து போட்டு என்ன? பள்ளிக்கூடமோ, கடையோ, கல்யாணமோ, அவங்கள வரச் சொல்றவன் மொதல்ல யோசிக்க வேண்டியது இதத்தான். எனக்கு இது தெரியறதுக்குப் பொண்ணுக்குக் கல்யாண வயசு ஆக வேண்டியிருந்தது."

அத்தையின் சிரிப்பு அடங்கியது. தானே ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீருக்கு நீட்டினாள்.

பிறகு அவர் மகளிடம் போனார். அவள் கல்யாண உடுப்பிலேயே மடமடவென்று குடித்து முடித்தாள். பக்கத்தில் மனைவி. ஒட்டகம் என்று வாய்வரை வந்த பழைய பெயரை விழுங்கிக்கொண்டு டம்ளரை நீட்டினார். அவள் ஒருமுறை மரத்தடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றாள்.