ராஜதாஸ் யோசித்த நான்கு வருடங்கள்

கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரையில் இருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகும் சாலையோரத் தகரக் கொட்டகையில், 2021 செப்டம்பர் ஏழாம் தேதி காலை பதினொரு மணிக்கு, யோசிப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த முதலீட்டாளர் ராஜதாஸ் அதன்பிறகு நான்கு வருடம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ரப்பர் கிலோ நூற்று எழுபது ரூபாய்க்குப் போனது. மழை இல்லை.

அவர் பார்க்க வந்தது ஒரு கட்டிலை. ஷீஜா அந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டும் நர்ஸ். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு வெந்துபோகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி அலுத்தவள். கூலிக்குப் போகும் வீட்டில் யார் இருந்து திருப்புவார்கள்? இரும்பு கேட், கிரில் அடிக்கும் பட்டறைக்காரன் மனுவும் அவளுமாகச் சேர்ந்து, கிடப்பவரைத் தானாகவே மெல்லத் திருப்பிப் போடும் கட்டில் ஒன்றைச் செய்தார்கள். மனுவின் அம்மா சுகுமாரி பக்கவாதம் வந்து அசைய முடியாமல் கிடந்தார். அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் அதன் அளவுகளை எடுத்தார்கள்.

நூறு கட்டில் செய்யப் பணம் வேண்டியிருந்தது. கொச்சியிலும் பெங்களூரிலுமாகப் பதினோரு இடங்களில் ஷீஜா அதை விளக்கிப் பேசினாள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. நல்ல யோசனை, அடுத்த காலாண்டில் பார்ப்போம், இன்னொரு அறிக்கை அனுப்புங்கள் என்றார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர்தான் நெய்யாற்றின்கரை ராஜதாஸ். மஸ்கட்டில் இருந்து திரும்பி, புதிய கம்பெனிகளில் பணம் போடுகிறவர், சாந்தமான மனிதர். தான் முடிவு சொல்லும்வரை வேறு யாரிடமும் பணம் வாங்கக் கூடாது, கட்டிலில் யாரையும் கிடத்தவும் கூடாது, பரிசோதனைக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் போதும் என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கியும் ஆகவில்லை. மனு லாரி ஜாக்கி வைத்துப் பார்த்தான். நாற்காலிக்கு அடியில் சிமெண்டுத் தரைதான் விரிசல் விட்டது. அவருக்கு வலி ஒன்றும் இல்லை. வேளைக்குச் சோறு வேண்டியிருந்தது, வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாதம் பேருந்தை விட்டு இறங்கி வந்து பார்த்துப் போனார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய மனைவி ஷைலஜா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து துவைத்த சட்டைகளோடு வந்தார். "வீட்டுலயும் இப்படியாக்கும்," என்று ஷீஜாவிடம் சொன்னார். "மோளுக்க கல்யாண ஆலோசனை வந்தப்போ ஏழு மாசம் யோசிச்சாரு. பையன் வேற பெண்ணு கெட்டிப் போனான்."

ஷீஜா தினமும் காலையில் கேட்டாள். "சாரே, என்னவாது ஒண்ணு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க."

"இல்லேன்னு நான் சொல்லேல்லியே மக்கா. நல்ல சாதனமாக்கும். இன்னும் ஒரு நாள் கூட வேணும்."

அந்த ஒரு நாளை நம்பாமல் இருப்பது கஷ்டம். மனு அம்மாவைக் கையால் திருப்பித் திருப்பிப் போட்டான். பட்டறையில் வேலை இருந்த நாட்களில் தவறியது. இரண்டாவது வருடம் சுகுமாரியின் இடுப்பில் தோல் சிவந்தபோது அவன் வந்து, "அக்கா, எனக்க அம்மைய அதுல கெடத்தட்டா?" என்று கேட்டான்.

"ஒரு வாரம் பொறு மக்கா," என்றாள் ஷீஜா. "இப்ப ஒப்பந்தத்த முறிச்சா எல்லாம் போவும். நான் ரெண்டு நேரம் வந்து கெட்டித் தாறேன்."

சொன்னபடி இரண்டு நேரமும் போனாள். ஆனாலும் புண் எலும்புவரை போயிற்று. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் சுகுமாரி இறந்தார். அடக்கம் முடிந்து மனு கொட்டகைக்கு வந்து, விரிப்புக்கூடக் கசங்காத அந்தக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ராஜதாஸ் நாற்காலியில் இருந்தபடியே அழுதார். அவன் அடுத்த மாதம் தோஹாவுக்குப் போனான். அதற்குப் பிறகு தாளைக் கிழித்துப்போட ஷீஜாவுக்குக் கை வரவில்லை. இன்றைக்குக் கிழிக்கலாம் என்றால் அன்றைக்கும் கிழித்திருக்கலாம்.

மூன்றாவது வருடத்தில் ஒரு நாள் ராஜதாஸ் தானாகவே ஒரு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சை செய்யட்டுமா என்று டாக்டர் கேட்டார். இவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் செய்யுங்கள் என்றார். அப்பா மேசையிலேயே போய்விட்டார். "அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணும் சொல்ல வரேல்ல," என்றார். ஷீஜா சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தன்னிடமும் அப்படி ஒன்று இருப்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது வருடம், ஓணம் முடிந்த வாரம், கொட்டகைக்குள் நுழைந்ததும் அவளுக்கு ஒரு வாசனை அடித்தது. எத்தனையோ வீடுகளில் அவளுக்குப் பழகிய வாசனை. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நாற்காலி உரசிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"சாரே, கட்டில்ல கெடக்கியளா?"

ராஜதாஸ் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லட்டா?"

அவள் குனிந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினாள். ஜாக்கிக்கு அசையாத மனிதர், கடைசி நாட்களில் சுகுமாரி இருந்த கனத்தில்தான் இருந்தார். கிடத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். கட்டில் அவரை இடப்பக்கமாகத் திருப்பியது. சத்தமே இல்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடமாக அழாமல் வைத்திருந்ததை அழுது தீர்த்தாள்.

பிறகு அவள் யாருக்கும் அறிக்கை அனுப்பவில்லை. பாறசாலை வெல்டர் சஜுவை வைத்து ஒவ்வொரு கட்டிலாகச் செய்தாள். இதுவரை ஒன்பது ஆகியிருக்கிறது. செங்கலில் நான்கு, தனுவச்சபுரத்தில் மூன்று, மற்ற இரண்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில். முதல் கட்டிலின் படத்தை மனுவுக்கு அனுப்பினாள். அவன் பார்த்தான், பதில் போடவில்லை. ஒவ்வொரு கட்டில் முடிந்ததும் அனுப்புகிறாள், அவனும் பார்க்கிறான்.

போன மார்ச்சில் ஒரு காலை, ஷீஜா வீடுகளுக்குப் போயிருந்த நேரம், கட்டில் வலப்பக்கம் திருப்பும்போது ராஜதாஸ் தெளிவான குரலில் "ஆமா, செய்யலாம்" என்றார். பக்கத்தில் ஷைலஜா மட்டும்தான் இருந்தார். ஷீஜா சாயங்காலம் வந்ததும் விஷயத்தைச் சொன்னார். ஷீஜா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "செரி சாரே, கொஞ்சம் சாயுங்க, புண்ணுக்க கெட்ட மாத்தணும்," என்றாள். புண் பாதிக்குமேல் ஆறியிருந்தது.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர், கொட்டகையின் கதவு எண்ணை எழுதி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். ஷைலஜா, ஒருவர் என்றார். வந்தவர் ராஜதாஸின் பெயரை அந்தக் கதவு எண்ணில் சேர்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.