ஓசி மெத்தை

டீச்சருக்கு முதுகுவலி ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஊரில் ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பேங்கில் கடன் வாங்கி, கடல் தாண்டி மேல்படிப்புக்கு வந்தவள். வந்த இடத்தில் அவளுக்கு வாய்த்தது மூன்றாவது மாடியில் ஓர் அறையில் பாதி. அந்தப் பாதியில் தரை, தரைமேல் ஒரு ஜமுக்காளம். மறு பாதியில் இருந்தவளை அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நிதி மந்திரி.

மந்திரி பெயருக்கேற்றபடிதான் நடந்துகொள்வாள். ஹீட்டர் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. குளிரினால் செத்தவன் எவனும் இந்த வீதியில் இல்லை என்பாள். மூன்று நிறுத்தம் நடந்துபோய் அங்கிருந்து கல்லூரிக்கு பஸ் ஏறினால் டிக்கெட்டில் ஒரு படி குறையும் என்று கண்டுபிடித்து, மழையிலும் டீச்சரை நடத்திக் கூட்டிப்போனவள் அவள்தான். துவைக்கிற மெஷினுக்குக் காசு போடவேண்டுமே என்று இருவர் துணியையும் ஒன்றாகப் போட்டு, டீச்சரிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை ஊதாவாக்கினாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனாள். மந்திரி இல்லாவிட்டால் முதல் பருவத்தையே தாண்டியிருக்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை காலை மந்திரி போனை டீச்சரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எழுந்திரு. உன் முதுகுக்கு விடிவுகாலம் வந்தாச்சு. மெத்தை. ஓசி."

"எங்கே?"

"பக்கத்துலதான். பன்னெண்டு மணிக்குள்ள வந்து எடுத்துக்கணுமாம்."

மந்திரியின் பக்கத்துலதான் என்பது பதினோரு நிறுத்தம் தள்ளி இருந்தது. போகும்போது டீச்சர் கேட்டாள். "எப்படிடி கொண்டு வர்றது?"

"பஸ்லதான்."

"மெத்தையையா?"

"ஆளுக்குத்தானே டிக்கெட். மெத்தைக்கா கேப்பாங்க?"

மெத்தைக்குச் சொந்தக்காரி ஒரு பல் டாக்டரம்மா. வீடு மாற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து டீச்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. குடிக்கப் பழச்சாறு கொடுத்தாள், பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள், லிப்ட் கதவைத் தானே பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் படுக்கிற ஸ்பிரிங் மெத்தை. ஒரு மூலையில் தேநீர் நிறத்தில் கறை. டீச்சர் அதைக் கண்ணால் காட்டியதும் மந்திரி தமிழில் அதட்டினாள்.

"தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே. அதுவும் பல் டாக்டர் வீட்டுல."

தெருவுக்கு வந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. மந்திரி முன்னால், டீச்சர் பின்னால், தலைமேல் மெத்தை. பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் டீச்சரின் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது.

முதல் பஸ் நிற்கவேயில்லை. இரண்டாவது பஸ் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, மெத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

"இது பஸ். லாரி இல்ல."

"குழந்தை வண்டியெல்லாம் ஏத்துறீங்களே?" என்றாள் மந்திரி, அவர் மொழியில்.

"அது மடங்கும்."

"இதுவும் மடங்கும்."

சொல்லிவிட்டு மந்திரி மெத்தையின் நடுவில் முழங்காலைக் கொடுத்துத் தன் முழுப் பலத்தோடு வளைத்தாள். மெத்தை பாதி வளைந்தது, ஒரு நொடி யோசித்தது, பிறகு பழையபடி நிமிர்ந்து மந்திரியை நடைபாதையில் தூக்கி எறிந்தது. பஸ்ஸுக்குள் யாரோ கை தட்டினார்கள். டிரைவர் சிரிக்காமல் கதவை மூடினார்.

"வண்டி பிடிக்கலாம். காசு நான் தர்றேன்," என்றாள் டீச்சர்.

"வண்டிக்குக் காசு குடுத்தா அப்புறம் அது ஓசி மெத்தையா?" மந்திரி கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? நடப்போம்."

நடந்தார்கள். ஏழாவது நிறுத்தத்தருகே ஒரு பாலம். பாலத்தில் ஏறியதும் காற்று மெத்தையைப் பாய்மரமாக்கி இருவரையும் வந்த வழியே திருப்பித் தள்ளியது. டீச்சர் தன் பக்கத்தைக் கீழே போட்டாள். மெத்தை நடைபாதையில் விழுந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியாது. தரையிலயே படுத்துச் சாகறேன்."

"இன்னும் நாலு நிறுத்தம்தான்."

"நாலு நிறுத்தம், நாலு நிறுத்தம்னு சொல்லித்தான் ஒரு வருஷமா என்னை நடக்க வைக்கிறே. நான் இங்க வந்து படிச்சதைவிட நடந்ததுதான் ஜாஸ்தி. என் செருப்பைப் பாரு. உன்னை யாரு எனக்குக் கணக்குப் பாக்கச் சொன்னது? கணக்கு டீச்சர் நானா நீயா?"

மந்திரி செருப்பைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து அவளும் உட்கார்ந்தாள். கீழே ஸ்பிரிங் முனகியது. நடந்துபோனவர்கள் இவர்களைச் சுற்றி விலகிப் போனார்கள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் மந்திரி, உட்கார்ந்தபடியே ஒரு தடவை குதித்துப் பார்த்து.

இவளை ஆற்றில் தள்ளினால் என்ன என்று டீச்சருக்குத் தோன்றியது. ஆனால் மெத்தை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. எழுந்து தூக்கினாள்.

கட்டட வாசலில் வீட்டுக்காரம்மா தபால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெத்தையைக் கண்டதும் துணியோடு கையை நீட்டி வழியை மறித்தாள்.

"பழைய மெத்தை உள்ளே வரக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்துல ஏழாவது பக்கம். போன வருஷம் மூட்டைப்பூச்சி வந்து மூணு மாடிக்கும் மருந்தடிச்சேன்."

"அப்போ இப்படி வெளியே வச்சிடறோம்," என்றாள் மந்திரி.

"வெளியே போட்டா அபராதம். எடுத்துட்டுப் போக ஆள் வரணும்னா அதுக்குக் கட்டணம்."

அந்தக் கட்டணத்தை வீட்டுக்காரம்மா சொன்னாள். ஒரு புது மெத்தையின் விலையில் பாதிக்குமேல் இருந்தது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நாளை சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் பழச்சாறும் பிஸ்கட்டும் லிப்ட் கதவும் புரிந்தன.

"பல் டாக்டரம்மா குப்பையை நம்ம தலையில கட்டிட்டா," என்றாள். "தலையிலன்னா தலையிலயே."

மந்திரி மாடிப்படியில் உட்கார்ந்து தாடையைத் தடவினாள். பிறகு போனை எடுத்தாள். "அவ போட்ட மாதிரி நாமளும் ஒரு விளம்பரம் போட்டா என்ன? நல்ல மெத்தை. இலவசம். உடனே எடுத்துக்கவும்."

அது தப்பு என்று டீச்சர் வாயெடுத்தாள். கட்டணம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இருபது நிமிஷத்தில் போன் வந்தது. மந்திரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "உன் குரல்லதான் நம்பிக்கை வரும்," என்று டீச்சரிடம் தள்ளினாள். அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல். பேச்சின் இழுப்பிலேயே தமிழர் என்று தெரிந்துவிட்டது.

"தமிழா நீங்க? ரொம்ப நல்லதாப் போச்சும்மா." ஊரில் பேங்க் மேனேஜராக இருந்தவராம். நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார். சனி ஞாயிறு காய்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறார். "வியாழக்கிழமை என் வீட்டம்மா வர்றாங்க. இடுப்புல ஆபரேஷன் ஆனவங்க, தரையில படுக்க முடியாது. அதான், மெத்தை எப்படிம்மா, நல்லா இருக்கா?"

மந்திரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கறை, கனம், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், தூக்கிப்போடக் கட்டணம், பத்திரத்தின் ஏழாவது பக்கம். "உங்க வீட்டுக்காரர்கிட்ட முதல்ல கேட்டுக்குங்க சார். இல்லேன்னா இதே கதி உங்களுக்கும்."

"கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்று வைத்துவிட்டார்.

"முடிஞ்சுது," என்றாள் மந்திரி. "உன்னை யாரு சத்தியப் பிரமாணம் எடுக்கச் சொன்னா? நல்லா இருக்குன்னு ரெண்டு வார்த்தை. அது பொய்கூட இல்லை."

"அவர் சம்சாரம் இடுப்பு ஆபரேஷன் ஆனவங்கடி."

"நம்ம இடுப்பு மட்டும் என்ன இரும்பா?"

மூன்று மணிக்கு அவர் நேரிலேயே வந்துவிட்டார். கடையில் பெட்டி தள்ளுகிற தட்டு வண்டியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வெயிலில் ஒரு நாள் போட்டு, உறை மாட்டி வைத்தால் சரி என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். போன் விளக்கைப் போட்டு மெத்தையின் தையல் ஓரம் முழுக்க, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று.

"நகைக்கடன் குடுத்துப் பழகின கை," என்றார் வெட்கத்தோடு. "உரசிப் பாக்காம வாங்கத் தெரியாது. பூச்சி இல்லம்மா. தங்கம்."

கயிறு கட்டி முடித்துவிட்டுப் பையில் கையை விட்டார். "ஏதாவது குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மந்திரியின் கை தானாக உயர்ந்தது. டீச்சர் அவள் காலை அழுத்தி மிதித்தாள். உயர்ந்த கை, போய்வாருங்கள் என்று ஆட்டிவிட்டு இறங்கியது.

அவர் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துவிட்டு டீச்சர் மாடிக்குப் போகவில்லை. நேராக நாலு தெரு தள்ளியிருந்த கடைக்குப் போனாள். இருப்பதிலேயே மலிவான ஒற்றை மெத்தை ஒன்றைக் கேட்டாள், வீட்டில் கொண்டுவந்து போடுகிற கூலியையும் பேரம் பேசாமல் கட்டினாள். அந்த மாதம் கல்லூரிக் கேன்டீன் பக்கமே போக முடியாது என்று தெரிந்துதான் கட்டினாள்.

மந்திரி இரண்டு நாள் பேசவில்லை. பேசாவிட்டாலும் ஹீட்டரை மட்டும் மறக்காமல் அணைத்தாள். மூன்றாம் நாள் வகுப்பு சீக்கிரம் முடிந்து டீச்சர் மத்தியானமே வந்து கதவைத் திறந்தாள். புது மெத்தையில் மந்திரி குறுக்காகப் படுத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"குடுத்த காசுக்குத் தேறுமான்னு பாத்தேன்."

"தேறுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்தாத்தான் தெரியும்."

என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை. டீச்சர் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"தள்ளிப் படுடி."