கையை எடுங்க அண்ணி

கியர்பாக்ஸை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமல் அந்த வேனை வாங்குவதில்லை என்பதில் அவள் கறாராக இருந்தாள். போன வாரம் அவர்களுடைய பழைய வேன் நடு மேட்டில் உயிரை விட்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கத் தொழிற்சாலைக்குத் திங்கட்கிழமை முதல் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் சமையலுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. அதை ஓர் ஓட்டை வண்டியிடம் பறிகொடுக்க முடியுமா?

அதனால் வெளியூரில் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தனை வரவழைத்திருந்தாள். கணவரும் வந்திருந்தார். கருத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

கொழுந்தன் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. "நல்லது. சூடாக்கி வெச்சிருந்தா பாதிச் சத்தம் ஒளிஞ்சுக்கும்" என்றான். வண்டிக்கு அடியில் படுத்து, கியர் ஆயிலைத் தொட்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தான். இரும்புத் தூள் நெருடவில்லை. விற்பவர், "கண்ணு மாதிரி வெச்சிருந்தேங்க" என்று நாலாவது தடவையாகச் சொன்னார்.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். தினமும் ஓட்டப் போகிறவள் என்பதால் அவளே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கொழுந்தன் பக்கத்தில், கணவர் பின்சீட்டில். மேட்டில் ஏறி, மூன்றாவது கியரில் இறங்கினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள், விட்டாள். வண்டி சமர்த்தாக வந்தது.

"அருமையா இருக்கு தம்பி. முடிச்சிடலாம்."

கொழுந்தன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, லீவரை ஏன் இந்த அமுக்கு அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

"பிடிக்கலேன்னா கியர் துள்ளி வெளிய வந்துடுமே."

"யார் சொன்னா?"

"உங்க அண்ணன்தான். இறக்கத்துல லீவரை விடறவங்க டிரைவரே இல்லன்னு, ஓட்டக் கத்துக் குடுத்தப்பவே சொன்னாரே."

பின்சீட்டில் யாரோ இருமினார்கள். அங்கே இருந்ததே ஒருத்தர்தான்.

கொழுந்தன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். "பல் தேஞ்ச கியர்பாக்ஸ்தான் அப்படித் துள்ளும். இப்படிப் பிடிச்சுக்கிட்டு பார்த்தா எல்லாப் பெட்டியும் உத்தமன்தான் அண்ணி. மறுபடி மேலே போய், கையை எடுத்துட்டு இறக்குங்க."

அவள் வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றினாள். பழைய வேனில் ஒருமுறை மூக்கைச் சொறியக் கையை எடுத்தபோது கியர் விடுபட்டது. "உனக்கெல்லாம் வண்டி சரிப்பட்டு வராது" என்று கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் வலித்தது. தான் மோசமான டிரைவர் என்றே இந்த எட்டு வருஷமும் நம்பியிருந்தாள், பாவம்.

மேட்டு உச்சியில் மூன்றாவது கியரைப் போட்டாள்.

"கையை எடுங்க அண்ணி."

எடுத்தாள். ஆக்ஸிலேட்டரை விட்டாள். லீவர் லேசாக நடுங்கியது. வளைவு வந்தது, போனது. மிதித்து, மறுபடியும் விட்டாள். லீவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவள் கைதான் எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"ஸ்டியரிங்கைப் பிடிங்க. அதுக்கு ரெண்டு கை வேணும்."

பிடித்தாள். ஒரு வண்டி இவ்வளவு லேசாகத் திரும்பும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தொழிற்சாலை கேட் வரை ஓட்டிப்போய், ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"பழைய வேன்ல கியர்பாக்ஸ்தான் தேஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கணவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே உதவிக்கு யாரும் இல்லை.

"தெரியும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சா பத்து நாள் வண்டி நிக்குமேன்னு... உன் மேல பழியைப் போட்டுட்டேன். தப்புதான்."

அவளுக்குக் கோபம் பொங்கியது. அதற்குள் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"தம்பி, இந்த வேனையே வாங்கிடலாம்" என்றாள். பிறகு கணவரிடம், "திங்கக்கிழமை நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. இறக்கத்துல மட்டும் கையை எடுத்துடாதீங்க."