மகாராணிக்கு விழுந்த இரண்டு கோடு

குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தபடி, "போடி, சீக்கிரம் போ, என் தங்கமில்ல" என்று கெஞ்சுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த மழைக்காட்டில், பொழுது விடிந்ததும் நம் ஆள் பார்த்த உத்தியோகமே அதுதான்.

மேலே கூட்டில் உருண்டு கிடப்பது மகாராணி என்கிற மனிதக்குரங்கு. எழுந்ததும் அது ஒன்றுக்குப் போகும். பிளாஸ்டிக் விரித்த குடையில் அதைப் பிடித்து, குப்பியில் ஊற்றி, முகாமுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்துக்கடையில் பெண்கள் வாங்குவார்களே, கர்ப்பம் பார்க்கிற பட்டை, அதில் ஒரு சொட்டு விட்டால் மகாராணி முழுகாமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு கோடு விழுந்தால் உண்டு, ஒன்று என்றால் இல்லை. சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டு. முகாமில் அவளுக்குக் 'குடை' என்றே பேர் விழுந்துவிட்டது.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆன குடை எதற்கு இங்கே வந்தாள்? ஊர் வாயிலிருந்து தப்பிக்கத்தான். "விசேஷம் ஏதாவது உண்டா?" பால்காரர் கேட்டார். பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். மாமியாரோ ஃபோனில் ஹலோவுக்குப் பதிலாகவே அதைத்தான் சொல்வார். கடைசியில், "போய் ரெண்டு மாசம் நிம்மதியா இரு, இங்க நான் சமாளிச்சுக்கறேன்" என்று புருஷனே பெட்டி கட்டிக் கொடுத்தான், நல்ல மனுஷன்.

வந்த இடத்தில் கிடைத்த வேலையைப் பாருங்கள்! விடிந்தால் போதும், மகாராணியிடம் போய் "விசேஷம் உண்டாடி?" என்று நிற்கிற வேலை. மகாராணிக்கும் அது பிடிக்கவில்லை. குடையை இந்தப் பக்கம் நீட்டினால் அந்தக் கிளைக்குத் தாவிப் போய் ஒன்றுக்கு இருக்கும். ஒருநாள் குடையை விட்டுவிட்டு நேராக அவள் தலையிலேயே இருந்து வைத்தது.

முகாமின் தலைவி டாக்டரம்மா, குரங்குகளுக்கு மட்டும் டாக்டர். சிரிக்கவே தெரியாதவர். "இன்னொரு தடவை வெறுங்கையோட வந்தே, சாமான் படகு திரும்பிப் போறப்ப நீயும் ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கா? அந்தக் கேள்விக்கா?

மறுநாள் மகாராணி மனம் இரங்கியது. குப்பி நிறைந்தது. துள்ளிக்கொண்டு திரும்பியவள், ஓடைக்கல்லில் பாசி வழுக்கி, சொத்தென்று உட்கார்ந்தாள். குப்பி உடைந்து, இருந்ததெல்லாம் ஓடையோடு போய்விட்டது.

ஒரு பாட்டம் அழுதாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். பையில் இன்னொரு குப்பி இருந்தது. பக்கத்தில் அடர்த்தியான புதரும் இருந்தது. மகாராணிக்கு இதுவரை விழுந்ததெல்லாம் ஒற்றைக் கோடு. தனக்கும் ஆறு வருஷமாக அதே ஒற்றைக் கோடு. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

டாக்டரம்மா பட்டையில் சொட்டு விட்டார். ஒரு கோடு விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் மெல்லத் தலைகாட்டியது.

"எல்லாரும் ஓடி வாங்க! மகாராணி முழுகாம இருக்கா!"

சமையல்காரர் அண்டாவைக் கரண்டியால் தட்டினார். குடை விரல் விட்டு நாளை எண்ணினாள். வந்ததிலிருந்தே காலையில் குமட்டல். பழியை அந்தச் சமையல்காரரின் சாப்பாட்டின் மேல் போட்டிருந்தாள். நாள் தள்ளிப் போனதற்கு அலைச்சலைக் காரணம் சொல்லிக்கொண்டாள். பாவம், அந்த மனிதரை என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்!

டாக்டரம்மா தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல ஃபோனை எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகாராணிக்கு இல்லாத பிள்ளை உலகமெல்லாம் பரவிவிடும். திறந்தால் படகு.

"டாக்டரம்மா, அது மகாராணியோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

குடையின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

டாக்டரம்மா வைததை இங்கே எழுத முடியாது. வைது முடித்து மூச்சு வாங்கியவர், புதுப் பட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "போய்ப் பாத்துட்டு வா. இந்தத் தடவை குடை வேண்டாம்."

அதிலும் இரண்டு கோடு. டாக்டரம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"படகுல போறே. ஏமாத்தினதுக்கு இல்ல, டாக்டர்கிட்ட காட்டறதுக்கு. முதல்ல வீட்டுக்குப் பேசு" என்று ஃபோனைக் கையில் திணித்தார்.

எடுத்தது மாமியார்.

"நல்லா இருக்கியாம்மா? இங்க மோட்டார் ரிப்பேர். நாலு நாளா மழை, துணியே காயல." பேச்சு துணியிலிருந்து நகரவே இல்லை.

"அத்தை, வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லம்மா. என் வாய்க்குப் பயந்துதான் நீ காட்டுக்கே போயிட்டேன்னு உன் புருஷன் ஒரே சண்டை. இனிமே சத்தியமா கேக்க மாட்டேன்." குரல் கம்மியது.

இந்த ஒரு வார்த்தைக்காகக் குடை ஆறு வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது வந்த நேரத்தைப் பாருங்கள்!

"அத்தை, ஒரே ஒரு தடவை கேளுங்க."

"என்னத்தைம்மா?"

"எப்பவும் கேப்பீங்களே, அதை."

"வேணாம்மா, அவன் திட்டுவான்."

"நான் பாத்துக்கறேன். கேளுங்க அத்தை!"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, திருட்டுத்தனமாக, மெல்ல: "விசேஷம் ஏதாவது... உண்டாம்மா?"

"உண்டு அத்தை, உண்டு!" குடை அழுதுகொண்டே சிரித்தாள். "ஆனா குரங்குக்கு வச்சிருந்த பட்டையிலதான் தெரிஞ்சுது. அதை மட்டும் பால்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."