நிற்காமல் ஒரு சுற்று

பூங்காவைப் பாதி சுற்றுவதற்குள் தையல்காரருக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது. தினமும் அவர் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கும் விளக்குக் கம்பம், இதோ கையெட்டும் தூரத்தில். பூங்காவுக்கு எதிரே இருந்த தன் வீட்டு மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். தலையணைகளில் சாய்ந்திருந்த அக்கா, ஈ விரட்டுவதுபோல் கையை வீசினாள். நிற்காதே, போ.

ஓட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. காலையில் கடையைத் திறக்கும்போது, தெருவில் ஓடிப்போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஊறிய ஆசை. உடம்போ, உட்கார்ந்தே தைத்து நாற்காலியை நிறைத்துவிட்ட உடம்பு. மனைவியிடம் சொன்னபோது, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பூகம்பம் என்று பயந்துவிடப் போகிறார்கள் என்றாள். அக்கா மட்டும் கேலி செய்யவில்லை. அவருடைய கடையில் காஜா போட்டுக்கொண்டிருந்தவள்; நுரையீரல் மக்கர் செய்து படுத்தவள். டாக்டர் கையை விரித்த அன்று தம்பியைக் கூப்பிட்டாள்.

“நான் போறதுக்குள்ள இந்தப் பூங்காவ நிக்காம ஒரு சுத்து ஓடிக் காட்டுடா குண்டா. ரொம்ப நாள் காத்திருக்க மாட்டேன், பாத்துக்க.”

அன்றிலிருந்து தினமும் ஓடினார். தினமும் கம்பம் ஜெயித்தது.

இன்று புதுக் கால்சட்டை, சொந்தத் தையல். அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்கும் வாடிக்கையாளர்களிடம், மூச்சை விடுங்க சார், மத்தியானம் சாப்பிட வேணாமா என்று நக்கலடிப்பவர் அவர். ஆனால் ஆள் இல்லாத கடையில், கண்ணாடி முன்னால் தன் இடுப்பில் டேப்பைச் சுற்றியபோது, அவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்த அளவுக்கே வெட்டினார்.

கம்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டிய நொடியில், பின்பக்கம் டர்ரென்று நடுத்தையல் விட்டது.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். நின்றால் எல்லாருக்கும் காட்சி. ஒரு கையால் பின்னால் பொத்திக்கொண்டு ஓடினார். யாரோ விசிலடித்தார்கள். இன்னும் வேகமாக ஓடினார். வீட்டுப் படியேறி, மாடிக்கு வந்து, சுவரோடு சுவராக நின்றார்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் இருமலுமாகக் கட்டில் குலுங்கியது. மூச்சுத் திணறுகிறதோ என்று சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி, கணவன் நின்ற கோலத்தைக் கண்டு கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சிரிக்காதக்கா. மானம் போச்சு.”

“மானம் கிடக்கட்டும். நீ நிக்கவே இல்லடா.”

“எங்க?”

“கம்பத்துக்கிட்ட. எங்கயுமே நிக்கல. முழுசா ஒரு சுத்து சுத்தி வீட்டுக்கே வந்துட்ட.”

அவர் மனத்துக்குள் பூங்காவை மறுபடி சுற்றிவந்தார். நிற்கத்தான் இல்லை. முகம் மெல்ல விரிந்தது. பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். அடங்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் மறுபடி கிளம்பும்.

“இடுப்புல பிரிச்சு விடு. உள்ள கூடுதலாத் துணி விட்டிருக்கியா?” என்று கேட்டாள் அக்கா. அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீயெல்லாம் ஒரு டெய்லர்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

மத்தியானம் மனைவி பால் எடுத்துக்கொண்டு போனபோது அக்கா எழுந்திருக்கவில்லை. யாரையோ கிண்டல் செய்யப்போகிறவள்போல உதடு லேசாகக் கோணியிருந்தது.

மறுநாள் மயானத்தில் உறவினர்கள், கடைசியில் எப்படி இருந்தாள் என்று விசாரித்தார்கள். மனைவி அடக்கமான குரலில்தான் ஆரம்பித்தாள். கால்சட்டை வரைக்கும் வந்தபோது குரல் கட்டுக்கடங்கவில்லை. பெரியவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

எல்லாம் முடிந்து, தூறலில் நனைந்தபடி வேனில் ஏறினார்கள். தையல்காரர் ஏறவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார்.

“நீங்க போங்க. நான் வந்துடறேன்.”

அவர் ஓட ஆரம்பித்தார். வேன் ஓட்டுபவர் பக்கத்திலேயே ஊர்ந்து வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

“நீங்க போங்கண்ணே” என்றது மனைவியின் குரல். “அவரு வருவாரு.”

கதவு மூடிக்கொண்டது. வேன் முன்னால் போயிற்று. ஈரத் தார்ச்சாலையில் தொப்பை ஒரு தாளமும் கால் ஒரு தாளமுமாக அவர் ஓடினார். வேனின் பின்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதை வட்டமாகத் துடைத்தது.