கரிநாள்

திரைச்சீலையில் ஏறி, அங்கிருந்து ஃப்ரிட்ஜின் மேல் தாவி, தோத்தாத்ரியின் பஞ்சாங்கத்தின் மீதே வந்து விழும் அளவுக்குப் பூனைக்குட்டி வளர்ந்துவிட்டது. இனித் தள்ளிப்போட்டால் சினை பிடித்துவிடும், இந்த மாதமே கருத்தடை செய்துவிடுங்கள் என்று வண்டலூர் கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். இதன் தாயும் குட்டியாக இருந்தபோதே சினையாகி, ஊரப்பாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஈன்றுவிட்டுச் செத்தது. தோத்தாத்ரியின் மகள் விஷ்ணுப்ரியாதான் அதைப் புதைத்தாள்.

அப்பா நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அஷ்டமி என்றார். இன்னொரு நாள் சந்திராஷ்டமம் என்றார்.

“சந்திராஷ்டமம் யாருக்குப்பா, பூனைக்கா?”

“உனக்குத்தான். ஆபரேஷன்னா சும்மாவா? ஆவணி பொறக்கட்டும்.”

அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். அவர் பஞ்சாங்கத்தை மூடப்போனபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“கரிநாள்ல ஒரு காரியம் பண்ணினா என்னப்பா ஆகும்?”

“விருத்தியாகாது.”

“விருத்தியாகக் கூடாதுன்னுதானே இதைப் பண்றோம்? அதைவிட நல்ல நாள் ஏது?”

“சாஸ்திரத்தை உன் இஷ்டத்துக்கு வளைக்காதே.”

“வளைக்கலை. நீங்க சொன்னதைத்தான் சொல்றேன்.”

வரும் சனிக்கிழமை கரிநாள். அவர் எதிரிலேயே டாக்டருக்கு ஃபோன் செய்து அந்த நாளைக் கேட்டு வாங்கினாள். அன்று காலை, கத்திய குட்டியைக் கூடைக்குள் விட்டு மூடி, வண்டிச் சாவியை எடுத்தாள்.

“ராகுகாலமாவது போகட்டுமேம்மா.”

“அதுவும் சேர்ந்தே இருக்கட்டும்பா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.